அளவுச் சட்டை

ஜனவரி 3, சனி

பெல்ட் கடைக்காரர் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். என் வீட்டுக்காரர் உலகநாதன் அதில் ஒருநாளும் ஒரு வரி எழுதினதில்லை. மதியம் எங்கள் மாவு மில்லில் கட்டையைச் சாய்க்கும்போது தலைக்கு வைத்துக்கொள்வார். இந்த வருஷம் நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மில்லில் நடந்ததை எழுதலாம். வேறு என்ன இருக்கிறது எழுதுவதற்கு?

இன்று மல்லி மிஷினில் சல்லடை கிழிந்துவிட்டது. மத்தியானம் வரை மல்லி அரைக்கவில்லை. கீழத்தெரு அம்மா ஒருத்தி, "ஒங்க மில்லுக்கு எப்பம் வந்தாலும் ஏதாவது ஒண்ணு ஒடஞ்சிதான் கெடக்கு" என்றாள். "அப்பம் ஒடையாத மில்லாப் பாத்துப் போங்க" என்றேன். போகவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தாள்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இலக்கியா ஒன்றாம் வகுப்பு. வழக்கம்போல ரயில்வே கேட்டைச் சுற்றித்தான் கூட்டிக்கொண்டுபோனேன். நேர் தெருவில் போனால் என் தம்பி சங்கரலிங்கம் வீட்டு வாசலைத் தாண்டவேண்டும். அவன் பொண்டாட்டி வடிவு அந்த வாசலில்தான் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் மகள் கோமுவும் இலக்கியாவும் ஒரே மாசத்தில் பிறந்தவர்கள். கோமு இப்போது இல்லை. இலக்கியாவைப் பார்த்தால் வடிவுக்கு வேதனையாக இருக்கும். அதனால்தான் இந்தச் சுற்று.

நடப்பது உடம்புக்கும் நல்லது.

ஜனவரி 9, வெள்ளி

பொங்கல் நெருங்குவதால் கூட்டம். மிளகாய்ப் பொடி நெடியில் எல்லாரும் தும்மிக்கொண்டே ஊர் வம்பு பேசுகிறார்கள். அந்த நேரத்தில் தம்பி வந்தான். மிஷினை நிறுத்தச் சொன்னான். "இவ்வளவு பேரு நிக்காங்க, என்னத்துக்குல நிறுத்த? சத்தமாச் சொல்லு" என்றேன்.

குருவம்மா சித்தி கனவில் கோமு வந்தாளாம். மஞ்சள் வெயிலில் வெறும் ஜட்டியோடு நின்று, "எனக்கு மட்டும் துணி இல்லையா?" என்று கேட்டாளாம். சித்தி எங்கள் அம்மாவின் தங்கை. அம்மா போனபிறகு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். தை கடைசி வெள்ளியில் கோமுவைக் கன்னியாக வைத்துக் கும்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை செத்துப்போனால், வயது நாலோ பதினாலோ, அது வீட்டுச் சாமி. ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைத்துக் கும்பிட்டு, பெட்டியை உத்தரத்தில் கட்டிவிடுவோம்.

"வடிவு என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

"'எங் கனவுல ஒருநாளும் வரலையே, அவியகிட்ட மட்டும் போயித் துணி கேட்டாளாக்கும்'னா."

நான் மிஷினை நிறுத்தவில்லை. தட்டில் மிளகாய் இன்னும் கிடந்தது.

ஜனவரி 10, சனி

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவிட்டால் பிறகு எழுதவேண்டியதில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை. அடைமழை. காய்ச்சல் முதலில் வந்தது இலக்கியாவுக்கு. மறுநாள் கோமுவுக்கு. ரெண்டு பேரையும் ஒரே காரில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இலக்கியாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கோமுவுக்கு இறங்கவில்லை, இழுப்பு வந்தது. மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிட்டாய் கேட்ட பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாலு வயசு.

கோமுவைத் தூக்கிக்கொண்டுபோனபிறகு தம்பி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். இலக்கியாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன், ஓடிவந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் வடிவிடம் போய், "அத்தை, கோமு எங்க? எம் பொம்மைய அவதான் வச்சிருக்கா" என்றாள். வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு முடிவு பண்ணினதுதான், இவளை அவள் கண்ணில் காட்டவே கூடாது என்று. பாவம், வடிவுக்குத் தாங்காது.

ஜனவரி 12, திங்கள்

தம்பி மறுபடியும் வந்தான். கன்னிக்கு வடிவே பாவாடை சட்டை தைக்கப்போகிறாளாம். கோமுவின் துணிமணி ஒன்றுகூட இல்லை. வீட்டில் வைத்திருந்தால் தாய்க்கு மனசு ஆறாது என்று சித்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டி அப்போதே அனுப்பிவிட்டாள்.

"இலக்கியா சட்டை ஒண்ணு அளவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னா யக்கா."

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம் அல்லவா, அதுமாதிரி. உள்ளே போய்ப் பார்த்தேன். கொடியில் இலக்கியாவின் பள்ளிக்கூடச் சட்டை கிடந்தது. பரணில் பழந்துணி மூட்டை இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி மூட்டையைப் பிரித்து, அவள் நாலு வயசில் போட்ட ரோஸ் கலர்ச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கன்னிக்கு நாலு வயசுதானே? பெட்டிக்குள் இருக்கப்போகிற துணிக்கு அந்த அளவுதான் சரி.

ஸ்டூலில் ஏறினதில் முழங்கால் வலிக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மில் இல்லை. கரும்பு சப்பென்று இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

வடிவு தெருக்காரி ஒருத்தி ராகி அரைக்க வந்தாள். இலக்கியா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். "அடி ஆத்தீ, இது இலக்கியாவா? கிடுகிடுன்னு வளந்துட்டாளே! வடிவு பாத்தா மலச்சிப் போவா" என்றாள். போகட்டும், அதெல்லாம் வடிவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே என்று சொல்லி அனுப்பினேன். ராகியைக் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைத்துக் கொடுத்தேன், வேண்டுமென்றேதான்.

விளக்கு வைத்தபிறகு பிள்ளைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய்க்கா பஞ்சம், மில்லில்தான் கொட்டிக்கிடக்கிறதே. கன்னத்தில் மைப்பொட்டைக் கொஞ்சம் பெரிசாக வைத்துவிட்டேன். ஸ்கூலில் பிள்ளைகள் கேலி பண்ணுதாம். பண்ணட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

குருவம்மா சித்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். காபியில் சீனி பத்தவில்லை என்று சொல்லி ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏட்டி பேச்சி, கடைசி வெள்ளிக்கு ஒம் மவளத் தலைக்கு ஊத்திக் கூட்டிட்டு வந்துரு. கன்னித் துணிய அவளுக்குத்தான உடுத்தணும்."

"அது மறுவருசம்லா சித்தி? இந்த வருசம் வச்ச துணிய அடுத்த வருசம்தான ஒரு பிள்ளைக்கு உடுத்துவோம்?"

"மொத வருசம் மட்டும் அன்னைக்கே உடுத்தணும். ஒங்க பூட்டி காலத்துலருந்து அப்படித்தான். வீட்டுல வேற பொம்பளப்பிள்ளை ஏது? வடிவு இவ அளவுக்குத் தச்சே முடிச்சிட்டா."

எனக்கு இந்த முதல் வருஷச் சட்டம் தெரியாது. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். கொடுத்துவிட்ட சட்டை பழைய அளவு என்று அப்போதே சித்தியிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். பால் பொங்கிவிட்டது. இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 29, வியாழன்

கரண்டு இல்லை. மில்லில் சும்மா உட்கார்ந்திருந்தோம். இவர் எட்டிப் பார்த்து, "என்னட்டி எழுதுத? என்னையத் திட்டியா?" என்று கேட்டார். "ஒங்களத் திட்டணும்னா நேராவே திட்டிருவேன், அதுக்கு எதுக்குப் பேனா?" என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை இலக்கியாவை அனுப்பாமல் இருக்க என்ன வழி என்று யோசித்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். என்ன உடம்பு என்று கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லவேண்டியதுதான். அடுப்படியில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "விடும்மா, வேர்க்குது" என்று திமிறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

இவரிடம் சொன்னேன். செத்த பிள்ளைக்கு எடுத்த துணியை என் பிள்ளைக்கு உடுத்த எனக்குப் பயமாக இருக்கிறது என்று.

"செத்த பிள்ளையா? நம்ம கோமுல்லா அது. நம்ம வீட்டுலதான் பாதி நேரம் கெடக்கும். ஒன் மடியிலதான் தூங்கும்."

"எனக்குத் தெரியாதா?"

"பெறகு என்ன பயம்?"

"ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் புரிந்துவிடும் என்பதுதான் சங்கடம்.

பிப்ரவரி 5, வியாழன்

நாளைக்கு வெள்ளி. பச்சரிசி மாவு நம் மில்லில் அரைத்துக் கொடுத்துவிட்டேன். அதிரசத்துக்கு நல்ல பதம்.

பிப்ரவரி 6, வெள்ளி

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனோம். இன்று நேர் தெருவில்தான். இலக்கியாவுக்கு அந்தத் தெருவே தெரியவில்லை. தம்பி வீட்டு முன்னால் நின்று, "இது யாரு வீடும்மா?" என்று கேட்டாள். வடிவு வாசலில்தான் நின்றாள், அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

வடிவு இலக்கியாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள். சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்குது என்றாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன், பொங்கல் ஏற்கெனவே இறக்கி இலையில் வைத்தாகிவிட்டது.

ஓலைப்பெட்டி புதுசு. அதன்மேல் பச்சைப் பாவாடை, மாம்பழ மஞ்சளில் சட்டை, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மணி. ஒவ்வொரு மணியும் கையால் கோத்தது. பக்கத்தில் சீனி மிட்டாய். கோமுவுக்கு அது இருந்தால் போதும், சோறு வேண்டாம். சித்தி சூடம் காட்டினாள். தம்பி குலுங்கி அழுதான். வடிவு அழவில்லை. நானும் அழவில்லை.

பிறகு இலக்கியாவைக் கூப்பிட்டார்கள். சித்தி சட்டையை எடுத்துத் தலைவழியாகப் போட்டாள். தலை நுழைந்தது. தோளில் வந்து நின்றுவிட்டது. சித்தி இழுத்தாள். கை ரெண்டும் மேலே தூக்கினபடி மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து பிள்ளை, "அம்மா, மூச்சு முட்டுதும்மா" என்றாள்.

சித்தி கையை எடுத்துவிட்டாள். "கன்னிக்கு மனசில்ல. துணிய ஏத்துக்கிட மாட்டேங்கா. என்ன குத்தமோ தெரியலையே, தாயே..."

தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் செத்தபிறகும் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் போல, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வடிவுதான் வந்தாள். "கொஞ்சம் சும்மா இருங்க அத்தை. குத்தமாவது ஒண்ணாவது! அளவு தப்பிட்டு, அவ்வளவுதான்." சட்டையைப் பதமாகக் கழற்றினாள். பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். சட்டையைத் தோளோடு வைத்துப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மயினி, எந்தச் சட்டைய அளவுக்குக் குடுத்துவிட்டிய?"

"பழசு" என்றேன்.

"இவ இம்புட்டு வளந்தது எனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னா?"

"ஒனக்கு வேதனையா இருக்கும்னுதான் வடிவு..."

"பொய் சொல்லாதிய மயினி. என் கண்ணு பட்ரும்னு பயந்திய."

இவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும்.

"எனக்கு ஒரு பிள்ளைதான் போச்சு. இன்னொண்ண நீங்கல்லா தூக்கிட்டுப் போயிட்டிய. கோமு போனதுக்கு யாரும் என்ன செய்ய முடியும்? இவ இந்த ஊருலதான இருக்கா? ரெண்டு வருசமா என்னைய அத்தைன்னு கூப்பிட ஆளில்ல. இந்தத் தெரு வழியா வந்துருவா வந்துருவான்னு வாசல்லயே மிஷினப் போட்டுட்டு உக்காந்துருக்கேன்." அவள் சத்தம் போடவில்லை. தையல் கொடுக்க வந்தவளிடம் நாளைக்கு வா என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டது.

அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடினாளே, அது என் பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்றா? கேட்கவில்லை. நான் ஒருநாளும் அவளைக் கேட்கவே இல்லை.

வடிவு டேப்பை எடுத்தாள். இலக்கியாவை நிறுத்தித் தோள், மார்பு, கை எல்லாம் அளந்தாள். பிளேடால் ரெண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். உள்ளே விட்டிருந்த துணி போதவில்லை. பாவாடை வெட்டினதில் மிச்சம் கிடந்த பச்சைத் துணியில் ரெண்டு பட்டை வெட்டி, அக்குளில் இருந்து கீழ்வரைக்கும் வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். சாமிக்கு முன்னால் இருந்த பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. கும்பிட்டு முடிக்காமல் நடுவில் மிஷின் ஓட்டலாமா என்று சித்தி முணுமுணுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இலக்கியா சிம்மீஸோடு மிஷின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"அத்தை, கோமுவும் இப்பம் என் உசரம் இருப்பாளா?"

மிஷினை மிதிக்கிற வடிவின் கால் நிற்கவில்லை. "ஒன்னையவிட ஒரு விரக்கட கூடவே இருப்பா. அவ அவுக அப்பா மாதிரி வளத்தி."

"பொய். நாந்தான் வளத்தி."

"சரிட்டி. நீதான் வளத்தி."

சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்திருந்தாள்.

சட்டை சரியாக இருந்தது. மஞ்சளுக்குப் பச்சைப் பட்டை வைத்தது வேண்டுமென்றே வைத்த மாதிரிதான் இருந்தது. கன்னிப் பிள்ளையை மணையில் உட்காரவைத்து முதல் சோறு அவளுக்குப் போட்டார்கள். எல்லாரும் வரிசையாக அவள் கையால் திருநீறு வாங்கிக்கொண்டோம். தம்பி முட்டுப் போட்டு உட்கார்ந்து நெற்றியைக் காட்டினான். அவள் அவன் மூக்கிலும் சேர்த்துப் பூசிவிட்டாள்.

கிளம்பும்போது வடிவு, "நில்லுங்க மயினி" என்று சொல்லி அடுப்படிக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கண்ட கண்ணு, அத்தை கண்ணு, எல்லாக் கண்ணும் எரிஞ்சி போவட்டும்." தூ தூ என்று துப்பச் சொல்லி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். வெடித்தது.

அத்தை கண்ணு என்று சொன்னபோது அவள் குரல் மாறவே இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். கோமுவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. அன்றைக்கு என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்கிற சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்றுதான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழுங்க மயினி, நல்லா அழுங்க" என்றாள். கோமு, என் தங்கமே.

பிப்ரவரி 7, சனி

காலையில் எழுந்ததும் இலக்கியா அத்தை வீட்டுக்குப் போகணும் என்று அடம். கொண்டுபோய் விட்டுவிட்டு மில்லுக்கு வந்தேன். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் நடந்ததில் ஒரு வாளி மல்லி மிஷின் சூட்டில் தீய்ந்துவிட்டது. யாருடைய மல்லியோ, திட்டு வாங்கினேன்.

மில்லை அடைக்கிற நேரத்தில் தம்பி வந்தான். இலக்கியா இல்லை, அவன் மட்டும்.

"யக்கா, இன்னைக்கு ராத்திரி பிள்ளை அங்கனயே படுத்துக்கிடட்டுமான்னு வடிவு கேக்கா. ஒனக்கு மனசில்லன்னாக் கூட்டிட்டு வந்துருதேன், சங்கடப்படாதன்னு சொல்லிவிட்டா."

"படுத்துக்கிடட்டும்" என்றேன்.

அவன் போனபிறகு இவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். "பயமா இல்லியாட்டி?"

"இல்லாம என்ன? பயந்தா நான் பயந்துட்டுக் கெடக்கேன். பிள்ளை அங்கனயே இருக்கட்டும்."